வீடு கேட்ட அமைச்சர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்குத்தான் வம்பு. தம் வைத்தியசாலையைப் போல உலகத்திலேயே இன்னொன்று இருக்கக் கூடாது என்று அவருக்குத் திடீரென்று ஆசை வந்தது. பிற நாடுகளில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவர அமைச்சர் மகுடபதியை அனுப்பினார்.

மகுடபதி ஒரு வருஷம் சுற்றினார். மேற்கே ஒரு நாட்டில், நோயாளியைத் தொடும் முன் வைத்தியர் கைகழுவுகிறாரா என்று பார்க்கத் தனி ஆள் இருந்தான். ஒரு தீவில், யாராவது இறந்தால் வைத்தியர்கள் எல்லாரும் கூடி எங்கே தப்பு நடந்தது என்று பேசினார்கள். வடக்கே, எத்தனை பேர் குணமாகி வீடு திரும்பினார்கள் என்று வாசலில் பலகை வைத்தார்கள். நம் அமைச்சருக்குப் பிடித்தது எது தெரியுமா? பலகை. கைகழுவ வெந்நீர் வேண்டும், தப்பைப் பேச மனசாட்சி வேண்டும். பலகைக்குச் சுண்ணாம்பு போதுமே.

'வந்தவர் நூறு, வீடு அடைந்தவர் நூறு' என்று ராஜாவின் வைத்தியசாலை வாசலிலும் பலகை எழுந்தது. ராஜா பூரித்துப்போய், என்ன பரிசு வேண்டும் என்றார். ஆற்றங்கரையில் ஒரு வீடு வேண்டும் என்றார் மகுடபதி.

அரசவை விகடகவி இடும்பனுக்கு இது பொறுக்கவில்லை. அவன் தங்கை வஞ்சி பிள்ளை பெற்று, எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் அந்த வைத்தியசாலையில்தான் கிடந்தாள். காலையில்தான் அவனிடம் அழுதிருந்தாள்: "அண்ணே, பக்கத்துல மூணு கட்டில் காலியாயிடுச்சு. காய்ச்சக்காரியத் தொட்ட கையோட மருத்துவச்சி என்னையும் தொடுறா. அடுத்து நான்தாண்ணே."

பலகை ஊரை ஏமாற்றுகிறது என்று இடும்பன் சபையிலேயே சொன்னான். அவன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்ட மகுடபதி, அதில் ஓர் எழுத்தாவது பொய்யென்று காட்டட்டும், இல்லையேல் அவன் தலையை வாங்குங்கள் என்றார்.

"பொய்யே இல்லை, அரசே. அந்தப் பலகையில் சொன்ன அதே வீட்டை அமைச்சருக்குக் கொடுங்கள். அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை நான் செய்கிறேன்" என்றான் இடும்பன். ராஜாவும் சம்மதித்தார்.

ஒரு நாழிகையில் நாலு பேர் பச்சை மூங்கில் பாடையோடு சபைக்குள் நுழைந்தார்கள். சங்கு வேறு முழங்கியது. இதென்ன அபசகுனம் என்று ராஜா சீறினார்.

"அமைச்சர் வீட்டுக்குப் போகும் பல்லக்கு, அரசே. அந்த நூறு பேரில் முப்பது பேர் இதில்தான் வீடு அடைந்தார்கள். மகப்பேற்றுக்கு வந்தவர்களுக்கு வீடுபேறு கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஏறச் சொல்லுங்கள்."

மகுடபதி தூணைக் கட்டிக்கொண்டு, தாம் கேட்டது இந்த வீடு இல்லை என்று அலறினார். ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முப்பது என்ற கணக்கு உறைத்ததும் சிரிப்பு நின்றது.

என்ன பரிசு வேண்டும் என்று இடும்பனைக் கேட்டார். ஓர் அண்டா வெந்நீர், இப்போதே வேண்டும் என்றான் அவன். வெந்நீர் போயிற்று. கட்டிலுக்குக் கட்டில் செம்போடு நின்று மருத்துவச்சிகளின் கையில் நீர் ஊற்றும் வேலை மகுடபதிக்கு வந்தது.

அந்த மாதப் பலகையில் வீடு என்ற சொல்லே இல்லை. 'காலால் நடந்து போனவர்' என்று எழுதினார்கள். முதல் பெயர் வஞ்சி, கையில் பிள்ளையோடு.