உல்தா தலையை இடித்துக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் மலைகளுக்கு வாய் இருந்தது. காது இருந்ததா என்பதுதான் சந்தேகம். எலிக்கும் நாரைக்கும் ஆற்றுக்கும்கூட அப்போது பேச்சு உண்டு.

யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் உல்தா என்றொரு எலி இருந்தாள். அகன்ற தலை, வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, முகத்தில் கறுத்த ஒலிவப்பழம் போல இரண்டு பெரிய கண்கள். மண்ணுக்கு மேலே, வரப்புப் புல்லில் கூடு கட்டிக் குட்டிகளோடு குடியிருந்தாள்.

பள்ளத்தாக்குக்கு மேற்கே கர்மேல் மலை. கிழக்கே கில்போவா மலை. வடகிழக்கே, யாரோடும் ஒட்டாமல் தனியாக உருண்டு நிற்கும் தாபோர் மலை. நடுவே கீசோன் ஆறு. மலைகளில் மழை அரித்த மண்ணெல்லாம் காலகாலமாக இந்தப் பள்ளத்தில்தான் வந்து இறங்கியது. கன்னங்கரேலென்ற மண். வாற்கோதுமையைத் தூவிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் முளை எட்டிப் பார்க்கும். யெஸ்ரயேல் என்றாலே 'இறைவன் விதைப்பார்' என்று பொருள். அவர் விதைத்தார், அதில் குறையில்லை. மிதிப்பதற்குத்தான் ஊர்ப்பட்ட ஆட்கள் இருந்தார்கள்.

தெற்கே எகிப்து, வடக்கே தமஸ்கு. தெற்கத்தியான் வடக்கே அடிக்கப் போனாலும் இந்த வழி. வடக்கத்தியான் தெற்கே அடிக்க வந்தாலும் இந்த வழி. மெகிதோ கணவாயைத் தாண்டிவிட்டால் அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது.

மேடு இல்லாமல் பார்த்துக்கொண்டவள் உல்தா. கட்டி நின்றால் தலையால் முட்டி உடைப்பாள். குழி கண்டால் வயிற்றால் மண்ணை இழுத்து நிரப்புவாள். எல்லா வாற்கோதுமைக்கும் தண்ணீர் ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அதற்காகவே பள்ளத்தாக்கை அப்பம் சுடும் கல் மாதிரி வைத்திருந்தாள்.

போன வருஷம் அறுப்புக்குச் சற்று முன்னால் ஒரு படை தெற்கிலிருந்து வடக்கே போனது. பயிரை மிதித்தது. தோற்றுப்போய்த் திரும்பி வந்தது. விட்டுப்போனதையும் மிதித்தது. உல்தா கன்னத்தில் அடக்கிக் காப்பாற்றிய விதைதான் மிச்சம். இந்த வருஷம் பயிராகி நின்றது அதுதான். இதுவும் போனால் அடுத்த விதைப்புக்கு ஒரு மணிகூடக் கிடையாது.

அறுப்புக்கு முன் கடைசியாகப் பெய்யும் பின்மாரிக்கு மேகம் கூடிக்கொண்டிருந்த ஒரு காலையில், எகிப்திலிருந்து வடக்கே போகும் நாரை வழக்கம்போல வயலோரம் வந்து இறங்கியது.

"உல்தாக்கா! சொல்லலாமா வேண்டாமான்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வர்றேன்."

"சொல்லித் தொலை."

"ரதம்க்கா. வெட்டுக்கிளி மாதிரி ரதம். வடக்கே சண்டைக்குப் போறாங்களாம்."

"இப்ப என்ன சண்டை?"

"போன வருஷம் தோத்துட்டாங்கள்ல, அதுக்கு."

"தோத்ததுக்குத்தான் என் பயிரை மிதிச்சுட்டுப் போனாங்களே!"

"அதை நான் எப்படிக்கா அவங்ககிட்டப் போய்க் கேக்கறது?"

உல்தா மேற்கே ஓடினாள். கர்மேல் மலை கடற்காற்று வாங்கிக்கொண்டு சாய்ந்திருந்தது.

"ஐயா, படை வருது. காலைக் கொஞ்சம் நீட்டி அந்தக் கணவாயை அடைச்சிடுங்க. அறுப்பு முடியற வரைக்கும் போதும்."

கர்மேல் தொண்டையைச் செருமியது. அதற்கே நல்ல நேரம் ஆனது. "நீட்டலாம்மா. நீட்டுறதுல ஒண்ணுமில்லை. ஆனா இன்னைக்கு நீட்டினா நாளைக்கும் நீட்டுன்னுவாங்க. இது பரம்பரையா மடக்கியே வச்சிருக்கிற காலு."

கிழக்கே ஓடினாள். கில்போவா மலை அவளைப் பார்த்ததுமே மூக்கை உறிஞ்சியது. "வாடி, வா. பயிரு, பயிருன்னு வந்துட்டா. எனக்கு ஒரு பனி விழுதா? ஒரு தூறல் விழுதா? யாராச்சும் ஏன்னு கேட்டீங்களா?" உல்தா அங்கிருந்து நகர்ந்து வெகுதூரம் வந்த பிறகும் அந்தப் புலம்பல் நிற்கவில்லை.

தாபோர் கண்ணைத் திறக்கவே இல்லை. "நான் எதிலும் தலையிடுவதில்லை. அது என் கொள்கை," என்றது.

உல்தா முன்னங்காலால் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஆற்றிடம் போனாள். கீசோன் நாணலுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"டேய் தம்பி, படை வருதுடா!"

"வரட்டும்க்கா... போயிருவாங்க..."

"போவாங்கடா, என் வயல் மேலே ஏறிப் போவாங்க! கரையைத் தாண்டிக் குறுக்கே பாயேன்."

"பாயலாம்க்கா..." கீசோன் ஒரு கொட்டாவி விட்டது. "எங்கே பாயறது? எல்லாத்தையும் நீங்க சமமா வச்சிருக்கீங்க. எந்தப் பக்கம் போறதுன்னே எனக்குப் புரியறதில்லை. ஒரு பள்ளம் காட்டுங்க... இறங்கறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் கணவாய் வாயில் கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. முதல் ரதத்தில் படைத்தலைவன் எழுந்து நின்றான். எண்ணெய் தடவிய தாடி, பெரிய தொண்டை.

"ஆகா! என்ன சமதளம்! ரதத்துக்கென்றே யாரோ மெழுகி வைத்திருக்கிறார்கள்! யாரப்பா அந்தப் புண்ணியவான்? குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுங்கள். காட்டிவிட்டு ஒரே ஓட்டமாக ஓட்டுவோம்!"

அந்தப் பாராட்டு உல்தாவுக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. இத்தனை காலம் பயிருக்கென்று நினைத்துத் தேய்த்ததெல்லாம் இவர்களுக்குப் பாதை போட்டதா? மலைகளைத் திட்டியது போதும் என்று விட்டுவிட்டாள். திட்ட வேண்டிய ஆள் இங்கேயே நிற்கிறாள்.

வாற்கோதுமையை ஒரு முறை பார்த்தாள். பால் முற்றி, நுனி மஞ்சளாகி, ஒரே உயரத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தது. பிறகு கணவாய்க்கும் வயலுக்கும் நடுவே கிடந்த வெறும் தரைக்குப் போய்த் தலையை மண்ணுக்குள் விட்டாள்.

பிறந்ததிலிருந்து ஒரு கட்டியைச் சும்மா விடாதவள், தன் கையாலேயே தன் தரையைக் குடைந்தாள். தோண்டிய மண்ணைத் தலையால் மேலே தள்ளினாள். வரிசை வரிசையாக மண்மேடுகள் எழுந்தன. "மேடு! என் நிலத்துல மேடு!" என்று உள்ளேயிருந்து அழுதுகொண்டே தோண்டினாள்.

பின்மாரி பிடித்துக்கொண்டது. கறுப்பு மண் களியாகிக் கண்ணில் அப்பியது.

"அக்கா, கண்ணு போயிரும், மேலே வாங்க!" என்று நாரை கத்தியது.

"வயலுக்கு நேரா இன்னும் தோண்டலை. அது வழியாப் புகுந்துடுவாங்க. நீ வாயை மூடு!"

தோண்டிக்கொண்டே போய் ஆற்றங்கரையில் ஓட்டை போட்டாள். கீசோன் தலையைத் தூக்கிப் பார்த்தது. "ஓ... பள்ளமா? இதோ..." என்று இறங்கியது. இறங்க இறங்கத் தூக்கம் கலைந்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஓடியது.

அந்த நேரம் பார்த்து ரதங்களும் ஓடி வந்தன. தரை வாயைத் திறந்தது. குதிரைகள் வயிறு வரைக்கும் இறங்கின. சக்கரங்களைக் களி கவ்விக்கொண்டது. "தள்ளு! தள்ளுடா! சமதளமாகத்தானே இருந்தது!" என்று படைத்தலைவன் அலறினான். கடைசியில் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு, ரதங்களை அப்படியே விட்டுவிட்டு, தாடியெல்லாம் சேறாக வந்த வழியே நடந்தான்.

வாற்கோதுமையில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை.

ஆனால் உல்தாவின் கண்மேல் அப்பிய மண் காய்ந்து இறுகிவிட்டது. அதன்மேல் தோல் மூடி, தோல்மேல் முடியும் முளைத்தது. இருட்டில் இருப்பதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று குட்டிகளையும் மண்ணுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டாள்.

ஒருநாள் மேலே நாரையின் காலடி கேட்டது.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"போயிட்டாங்கக்கா." நாரை ஒரு காலை மாற்றி வைத்தது. "ஆனா..."

"என்ன ஆனா?"

"தெற்கத்தியான்கிட்ட இப்ப ரதம் இல்லைன்னு வடக்கே தெரிஞ்சுபோச்சு. அவன் கிளம்பி வர்றான்."

"எந்த வழியா?"

"வேற எது? இதே வழிதான்க்கா." தலையில் அடித்துக்கொள்ள உல்தாவுக்குக் கை ஒழியவில்லை, இரண்டும் மண்ணுக்குள் இருந்தன. அதனால் தலையையே கொண்டுபோய் வளைக் கூரையில் இடித்தாள். டும்.

அன்று முதல்தான் அந்தப் பள்ளத்தாக்கின் எலிக்குக் கண் கிடையாது. நிலமெங்கும் அவள் வம்சம் மண்மேடு போட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்கள் குடைந்த மண்ணில் காற்றும் தண்ணீரும் இறங்கி, வாற்கோதுமை முன்னைவிடச் செழிப்பாக விளைகிறது. மாரிக்காலத்தில் அந்தச் சேறு சக்கரத்தைப் பிடித்தால் விடுவதில்லை. பின்மாரிக் காலத்தில் அங்கே போய்த் தரையில் காதை வைத்தால், கீழேயிருந்து டும், டும், டும் என்று கேட்கும். அப்படியானால் நாரை வந்து இறங்கியிருக்கிறது, இந்த வருஷமும் ஒரு செய்தியோடு.