வேம்பூர் மரக்கூழ் வாங்காத காரணம்

பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்திலே, கரும்பூர் நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான்.

கரும்பூரிலும் காடு இல்லை, பக்கத்து வேம்பூரிலும் காடு இல்லை. காகிதம் செய்ய மரக்கூழ் கடல்தாண்டித்தான் வரவேண்டும். முன்பெல்லாம் மரக்கூழ்க் கப்பல்கள் வேம்பூர்த் துறையில்தான் நெருக்கியடித்து நிற்கும். கரும்பூருக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். வருஷம் போகப் போக எல்லாம் தலைகீழானது. இங்கே கப்பல் கூடிக்கொண்டே போனது. அங்கே குறைந்துகொண்டே வந்தது.

ஆஸ்தானப் புலவர் விருபாக்கருக்கு மந்திரி இளநாகனைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! மரக்கூழ் வாங்கக்கூட வக்கில்லாமல் போய்விட்டது வேம்பூருக்கு. இப்போது படையெடுத்தால் சுலபமாகப் பிடித்துவிடலாம். மந்திரியார்தான் சம்மதிக்கமாட்டார். மகளை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறாரே!"

"அப்படியா மந்திரி?" என்றான் ராஜா.

"அரசே, வாங்குவது குறைந்தால் வறுமை என்று எப்படிச் சொல்வது? காரணத்தைத் தெரிந்துகொண்டு வருகிறேன்."

"பௌர்ணமிக்குள் வாரும். காரணம் சரியில்லை என்றால் போர்தான். உம் தலையும் தப்பாது."

மந்திரியின் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. போர் மூண்டால் அவள் எங்கே ஓடுவாள்? மறுநாளே எல்லைக்குக் கிளம்பினார். அங்கே சுங்கச்சாவடியில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன.

"என்னப்பா சரக்கு?" என்று ஒரு வண்டிக்காரனைக் கேட்டார்.

"பழைய காகிதம் சாமி. வாராவாரம் ராஜாவைப் புகழ்ந்து நம்ம புலவர் எழுதுற பாட்டை வீடுவீடாப் போடுறாங்களே, அதுதான். வேம்பூர்க்காரங்க அடிவிலைக்கு வாங்கி, ஊறவச்சு இடிச்சு, புதுக் காகிதம் பண்ணிடுறாங்க. மிச்சமாகுற பொன்னுல வேலும் வாளும் வாங்கிக் குவிக்கிறாங்க."

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் மந்திரிக்குப் பயம் இரட்டிப்பானது. 'உங்கள் புகழைக் குடிமக்கள் குப்பையாக விற்கிறார்கள்' என்று எந்த ராஜாவிடம் சொல்ல முடியும்?

பௌர்ணமியன்று சபை கூடியது. வாசலில் போர் முரசுக்குத் தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மந்திரி ஒரு தட்டில் இரண்டு தாள்களை நீட்டினார்.

"அரசே, போர் அறிவிக்கும் கடிதத்தை எந்தத் தாளில் எழுதலாம்?"

ராஜா தடவிப் பார்த்தான். ஒன்று தொட்டதுமே ஓரம் கிழிந்தது. மற்றது வழவழவென்று உறுதியாக இருந்தது.

"இதுதான்!" என்றான்.

"ஆகா! நம் நாட்டுத் தாள் என்றால் சும்மாவா!" என்றார் விருபாக்கர்.

"அது வேம்பூர்த் தாள், புலவரே; கிழிந்ததுதான் நம்முடையது, வாராவாரத் தேவைக்கு அவசரத்தில் செய்தது. அரசே, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்."

ராஜா சாளரத்தருகே போய்ப் பிடித்தான். தாளுக்குள்ளே, இடிபடாமல் தப்பிய ஒரு துணுக்கில் 'தண்டவர்மா வாழ்' என்று இருந்தது.

"என் பெயர்! இது விருபாக்கர் பாட்டல்லவா?"

மந்திரி எல்லாவற்றையும் சொன்னார். ராஜாவின் முகம் கறுத்தது. "என் புகழா குப்பைக்குப் போகிறது?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார் மந்திரி. ஆனாலும் வாய் திறந்தார்.

"குப்பைக்குப் போனது பாட்டு, அரசே, தங்கள் புகழ் அல்ல. அந்தப் பாட்டுக்காகத்தான் நமக்குக் கப்பல் கப்பலாக மரக்கூழ் வருகிறது. வேம்பூர் மிச்சம்பிடித்த பொன்னெல்லாம் வேலும் வாளுமாகக் கோட்டைக்குள் இருக்கிறது. நம் படை போயிருந்தால் ஒருவனும் திரும்பியிருக்கமாட்டான்."

ராஜா அந்தத் தாளை மடித்துத் தட்டில் வைத்தான். பிறகு, "முரசை உள்ளே எடுத்துப் போங்கள்" என்றான். புலவர் பக்கம் திரும்பினான். "விருபாக்கரே, நாளை முதல் நாமும் பழைய காகிதத்தை இடிக்கப்போகிறோம். முதல் உலக்கை உம்முடையது. பாட்டு மீதமிருக்கும்வரை இடியும்."

விருபாக்கர் தலையைத் தொங்கப்போட்டார்.

"மந்திரி, உமக்கு என்ன வேண்டும்? கேளும்!"

"உட்கார ஓர் ஆசனம் போதும் அரசே. சபைக்குள் நுழைந்ததிலிருந்து கால் நடுங்கிக்கொண்டே இருக்கிறது."

ராஜா சிரித்துவிட்டான். சிம்மாசனத்தில் நகர்ந்து இடம் விட்டான்.