கிளைக்குத் திரும்பிய மந்தி

காட்டாற்றங்கரையில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அதில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. பேராச்சிதான் தலைவி. அந்தக் கூட்டத்தில் இலுப்பி என்றொரு மந்தியும் இருந்தாள்.

இலுப்பிக்குத் தோலில் ஒரு தீராத நோய். கழுத்திலும் முதுகிலும் முடி கொட்டும். தோல் சிவந்து வெள்ளைச் செதிளாக உரியும். மழைக்காலத்தில் கொஞ்சம் அடங்கும். பனி இறங்கினால் மறுபடி கிளம்பும். வேப்பங்கொழுந்தை மென்று பூசிப் பார்த்தாள். ஆற்றுச் சேற்றில் புரண்டு பார்த்தாள். எதற்கும் போகவில்லை. காலை வெயில் பட்டால் மட்டும் எரிச்சல் தணியும். அதனால் கிழக்குப் பார்த்த கிளையில்தான் எப்போதும் இருப்பாள்.

பழம் அதிகமாகக் காய்ப்பதும் அந்தக் கிளையில்தான். கூழையன் என்ற ஆண்குரங்குக்கு அதன்மேல் வெகுநாளாக ஒரு கண்!

அத்திப்பழம் சிவக்கத் தொடங்கியதும் அவன் தாய்க்குரங்குகளிடம் போய்க் குசுகுசுத்தான்.

"பார்த்தீங்களா! அவ சொறியச் சொறியப் பொடிப்பொடியா உதிருது. எல்லாம் நம்ம பழத்து மேலதான் விழுது. இன்னைக்கு அவளுக்கு, நாளைக்கு உங்க குட்டிக்கு!"

அவ்வளவுதான். இலுப்பி வந்தால் தாய்மார்கள் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பேன் பார்க்க முதுகைக் காட்டி உட்கார்ந்தால், "எனக்கு நிறைய வேலை கிடக்கு" என்று எழுந்து போனார்கள். குரங்குக்கு அப்படி என்ன வேலையோ!

கடைசியில் கூழையனே வந்தான். குரலில் தேன் ஒழுகியது.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் இலுப்பி. கொஞ்ச நாள் அக்கரைப் புளியமரத்துல இரு. குணமானதும் வந்துடு!"

"குணமாகலைன்னா, மாமா?"

"அது... அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான்.

இலுப்பி அக்கரைக்குப் போனாள்.

புளியமரத்தடியில் வெயிலே விழாது. பத்தே நாளில் நோய் இரண்டு மடங்கானது. அதைவிட மனசுதான் அதிகமாகப் புண்பட்டது. அத்திமரத்தில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆற்றில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கப் போனாள். தன் முகம் தெரியாதபடி முதலில் கையால் தண்ணீரைக் கலக்கிவிட்டுப் பிறகுதான் குனிந்தாள்.

தங்கை நெல்லி மட்டும் தினமும் பழம் கொண்டுவந்தாள். ஒருநாள் இலுப்பி அவள்மேல் எரிந்து விழுந்தாள்.

"இங்கே வராதேடி! உனக்கும் ஒட்டிடும்!"

"பொறந்ததுலேருந்து உன்னைக் கட்டிப் பிடிச்சுத்தானே அக்கா தூங்கினேன்! அப்ப ஒட்டாதது இனிமேலா ஒட்டப்போகுது?"

நெல்லி கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். முடி பளபளவென்று இருந்தது.

மறுநாள் கூட்டம் இரை தேடிப் போயிருந்தது. கொஞ்சம் வெயில் காயலாம் என்று இலுப்பி மெல்ல இக்கரைக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய கிளையில், அவள் படுத்து எழுந்த இடத்தில், கூழையன் மல்லாந்து கிடந்தான்! அவள் உடம்பிலிருந்து உதிர்ந்த முடியும் செதிளும் பட்டையிடுக்கில் அப்படியே இருந்தன. அதன்மேல் முதுகைத் தேய்த்தபடி ஒவ்வொரு பழமாகப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

'இவனுக்குப் பயமே இல்லையே! ஒட்டாதென்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்!'

இத்தனை நாள் அழுதவளுக்கு அன்று அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் விடிந்ததும், மொத்தக் கூட்டமும் மரத்தில் இருக்கும்போதே, இலுப்பி ஏறினாள். எல்லோரும் சடசடவென்று விலகினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று இருமுறை தோன்றியது. ஆனாலும் ஏறினாள்.

"பெரியம்மா, என் கிளைக்கு வந்திருக்கேன்" என்றாள் பேராச்சியிடம்.

"ஐயோ, ஒட்டிக்கும்! விரட்டுங்க!" என்று கத்தினான் கூழையன்.

"என் கிளையில இப்ப யார் இருக்காங்க, மாமா?"

"யாரும் இல்லையே! நாங்க அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கிறதில்லை!"

"அப்படியா? கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

கூழையன் அசையவில்லை. பேராச்சியே அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். முதுகு முழுவதும் வெள்ளைச் செதிள்! நடுநடுவே இலுப்பியின் உதிர்ந்த முடி!

"காத்துல... காத்துல பறந்து வந்திருக்கும்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேராச்சி சிரிக்கவில்லை. பேன் பார்ப்பதுபோல அவன் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். தலை முதல் வால் வரை தேடியும் ஒரு தடிப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை.

"பத்து நாளா அவ படுத்த இடத்துலயே புரண்டிருக்கே. உனக்கு ஒண்ணும் வரலை. இது ஒட்டுற நோய் இல்லைன்னு உனக்கே தெரியும். பழத்துக்காக எங்களையும் சேர்த்து முட்டாளாக்கிட்டே!"

கூழையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

"நாங்க உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் இலுப்பி" என்றாள் பேராச்சி.

இலுப்பி நிமிர்ந்து நின்றாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன் பெரியம்மா. என் நோய் போகாது. பனி வந்தா இன்னும் கூடும். நான் சொறிவேன், தோல் உரியும். பார்க்கப் பிடிக்காதவங்க அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும். நான் இனிமே எங்கேயும் போகமாட்டேன்!"

யாரும் அவளை விரட்டவில்லை. எல்லோரும் உடனே ஓடிவந்து கொஞ்சிவிடவும் இல்லை. இரண்டு தாய்மார்கள் அன்று முழுக்கத் தள்ளியே இருந்தார்கள். பேராச்சி மட்டும் வந்து அவள் முதுகுப்பக்கம் உட்கார்ந்தாள்.

"எங்கே தொட்டா வலிக்கும்?"

"கழுத்துல மட்டும் மெதுவா, பெரியம்மா."

அந்த வருடப் பனியில் நோய் கூடத்தான் செய்தது. இலுப்பி எல்லோர் கண்முன்னும் வெயிலில் உட்கார்ந்து சொறிந்தாள், பழம் தின்றாள், பக்கத்துக் கிளையோடு சண்டையும் போட்டாள். தை பிறப்பதற்குள் தள்ளியிருந்த இருவரில் ஒருத்தி தன் குட்டியை அவளிடம் விட்டுவிட்டு ஆற்றுக்குப் போனாள்.

தோல் நோய் வருவது யாருடைய குற்றமும் அல்ல, அதைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதுதான் குற்றம். ஒதுக்கப்பட்டவர் ஒளிந்துகொள்ளாமல் தன் இடத்தை நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும்.