பாதி ஏறிய மரை

"இது அதுல சேராது, அது இதுல சேராது. எவன்டா பண்ணது இந்த வேலைய?"

மேஸ்திரி வைரக்கண்ணு ஒரு கையில் குத்துவிளக்கின் அடிப்பாகத்தையும் மறு கையில் தண்டையும் வைத்துக்கொண்டு கத்தினார். பேக்கிங் ஷெட் முழுக்க விளக்குகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. எல்லாம் பளபளவென்று இருந்தன. பளபளப்புதான் பிரச்சினையே.

முதலாளி வந்து நின்றார். மறுநாள் காலையில் லாரி. கோயில் குடமுழுக்குக்குப் போக வேண்டிய விளக்குகள்.

"யாரு தம்பி?" என்றார், நேராகப் பிரகதீசனைப் பார்த்து.

பிரகதீசன் அந்தக் கம்பெனியின் டெக்னாலஜி டீம் லீடர். இன்டர்னாக உள்ளே வந்து, படிப்படியாக ஏறி, இப்போதுதான் அந்தப் பெயர் கிடைத்திருந்தது. கழுத்தில் புது அடையாள அட்டை.

"கோமளா சார்," என்றான். "புள்ளியெல்லாம் குறைன்னு குறிச்சது கோமளா."

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

நடந்தது இதுதான். அந்தப் பட்டறையில் ஒவ்வொரு விளக்குக்கும் அடிப்பாகம், தண்டு, தட்டு எல்லாம் தனித்தனியாக வார்த்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி, திருகி ஏற்றும் மரையைக் கையாலேயே வெட்டுவார்கள். ஒரு விளக்கின் தண்டு இன்னொரு விளக்கின் அடியில் ஏறாது. பாலிஷுக்குப் போய்க் கலந்துவிட்டால் ஜோடி தெரிய வேண்டுமே, அதற்காக மரைக்குப் பக்கத்தில் சின்னதாகப் புள்ளி குத்திவைப்பார்கள். ஒன்றில் இரண்டு புள்ளி, ஒன்றில் மூன்று, ஒன்றில் புள்ளியோடு ஒரு கோடு.

பிரகதீசன் ஒரு கேமரா ஏற்பாடு செய்திருந்தான். பித்தளையில் கீறல் இருந்தால் திரையில் சிவப்பு எரியும். எது கீறல், எது கீறல் இல்லை என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க, படங்களில் குறித்துத் தரும் வேலை புது இன்டர்ன் கோமளாவுக்கு.

அவள் ஆரம்பத்திலேயே கேட்டாள். "அண்ணா, இந்தப் புள்ளி எல்லாத்துலயும் இருக்கு. மேஸ்திரியக் கேட்டுட்டு வந்துரட்டுமா?"

"ஒவ்வொண்ணுக்கும் பட்டறைக்கு ஓடுனா நீ எப்ப முடிக்கிறது? குறைன்னு போடு."

போட்டாள். பாலிஷ் ஷெட்டில் இருந்தவர்கள் வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள். சிவப்பு எரிந்தால் தேய், பச்சை எரிந்தால் அனுப்பு. அவர்களுக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான். தேய்த்தார்கள். ஒரு புள்ளி மிச்சமில்லை.

முதலாளி கோமளாவிடம், "நாளையிலேருந்து வர வேணாம்மா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கோமளா பிரகதீசனைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தாள், அதுவாக ஏதோ செய்துவிட்டதுபோல.

பிரகதீசனுக்குக் காது சுட்டது.

*

எஸ்தர் அக்கா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்ததே அவள்தான். பிரகதீசனுக்கு வேலை பழக்கியதும் அவள்தான். பட்டறையில் அவனை 'எஸ்தரோட சிஷ்யப்புள்ள' என்று கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அது பிடிக்கும்.

மேசைமேல் ஓர் அடிப்பாகமும் ஒரு தண்டும் இருந்தன.

"இப்ப என்னக்கா பண்றது?" என்றான்.

"திருகு."

"இது ரெண்டும் ஜோடியா?"

"திருகிப் பாரு."

திருகினான். நன்றாகவே ஏறியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அப்புறம் நின்றது.

"ஏறுதே. இன்னும் திருகு," என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். கிறீச்சென்றது. பித்தளைத் தூள் மேசையில் உதிர்ந்தது.

"இப்ப கழட்டு."

கழற்றப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சட்டை நனைந்ததுதான் மிச்சம். தண்டு அசையவில்லை.

"சேராததுன்னா முதல்லயே ஏறியிருக்கக் கூடாதே? ஏன் ஏறுச்சு?" என்று கேட்டாள்.

"பாதி மரை ஒத்துப்போச்சுக்கா."

"ஆமா. ஒண்ணுமே ஒத்துக்கலன்னா வாயிலயே நின்னுரும். யாருக்கும் நஷ்டமில்ல. பாதி ஒத்துப்போகுது பாரு, அதுதான் ரெண்டையும் கெடுக்கும்."

பிரகதீசன் உதிர்ந்த தூளை விரலால் ஓரமாகக் கூட்டினான். அவள் விளக்கைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று தெரிந்தது. தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்படி எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

"நான்தான் அக்கா போடச் சொன்னேன்."

"தெரியும். அவ கேட்டப்ப நான் பின்னாடிதான் இருந்தேன்."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"நான் சொன்னா உன்னக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும். நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் கழுத்து அட்டையைச் சட்டைக்குள் தள்ளினான்.

"நீ இன்டர்னா இருந்தப்போ உடைஞ்ச விளக்குப் படத்தைத் தூக்கி வெப்சைட்டோட முகப்புல போட்டியே. முதலாளி வந்து குதிச்சப்ப நான் யாரு பேரச் சொன்னேன்?"

"உங்க பேர."

"ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா. அதான் பயமா இருந்துச்சு. இப்பதான் டீம் லீடர் ஆக்குனாங்க. விசிட்டிங் கார்டு கட்டுகூட இன்னும் பிரிக்கல."

எஸ்தர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அவ அஞ்சரை பஸ்ஸுக்குப் போவா. அதுக்கு முன்னாடி ஷெட்டுக்குப் போ. எல்லாரும் இருக்கறப்பவே, முதலாளி முன்னாடி, யாரு சொல்லி அவ குறிச்சான்னு சொல்லு. அப்புறம் விளக்கப் பாரு."

"முதல்ல விளக்க சரி பண்ணிடறேன்க்கா. உக்காந்து எல்லாத்தையும் நானே ஜோடி சேக்கறேன்."

"நான் அதச் சொல்லல."

*

ஷெட்டுக்குப் போனான். போனதும் தரையில் உட்கார்ந்து ஒரு தண்டை எடுத்தான். பேசத்தான் வந்தான். கை விளக்குக்குப் போய்விட்டது.

வைரக்கண்ணுவும் ஆட்களும் வட்டமாக உட்கார்ந்து ஜோடி தேடிக்கொண்டிருந்தார்கள். வலுவே கொடுக்கக் கூடாது. வைத்து, மெல்ல ஒரு திருப்பு. ஏறத் தயங்கினால் எடுத்துவிட வேண்டும். அவன் எடுத்தான், வைத்தான், திருப்பினான், எடுத்தான். விரல் நுனி கிழிந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி எடுத்தான்.

"பரவாயில்லயே, கம்ப்யூட்டர் தம்பிக்குக் கையும் வேலை செய்யுது," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

முதலாளி நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் இருந்தார்கள். எஸ்தர் சொன்ன அத்தனை பேரும் இருந்தார்கள்.

இந்த விளக்கு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அது முடிந்தது. அடுத்தது முடியட்டும் என்று நினைத்தான்.

கோமளா வாசலில் வந்து நின்றாள். தோளில் பை. கேமரா அறைச் சாவியைக் கொடுக்க வந்திருந்தாள். அவன் நீட்டிய கையில் சாவியை வைத்தவள், அவன் மடியில் இருந்த அடிப்பாகத்தைப் பார்த்தாள். குனிந்து, குவியலுக்குள் தேடி ஒரு தண்டை இழுத்தாள்.

"இதுக்கு இதுண்ணா. வளையத்துக்குக் கீழ ஒரு சொட்டை இருக்கு பாருங்க. ரெண்டும் ஒரே படத்துல இருந்துச்சு."

வைத்தான். மெல்லத் திருப்பினான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறி, கடைசிவரை போய் உட்கார்ந்தது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் அவனைப் பார்த்தார்கள். இதைவிட நல்ல நேரம் இனி வராது. அவனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தான்.

அதற்குள் வைரக்கண்ணு, "பொண்ணு கெட்டிக்காரிதான். கவனந்தான் பத்தல," என்றார்.

கோமளா பிரகதீசனைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாக. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். சொல்லப்போகிறானா என்று பார்க்கிற பார்வை அது.

"தேங்க்ஸ்மா," என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. அவன் அடுத்த தண்டை எடுத்தான்.

*

விளக்குகள் எல்லாம் சேர்ந்துவிட்டன, எஸ்தரின் மேசையில் இறுகிக் கிடந்த இரண்டின் ஜோடிகளைத் தவிர. அவற்றுக்குப் பதிலாக இருப்பிலிருந்து இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தார்கள்.

முதலாளி அவன் தோளைத் தட்டினார். "டீம் லீடர்னா இப்படித்தான்யா இருக்கணும். தன் ஆளு தப்பு பண்ணிடுச்சுன்னு விட்டுட்டுப் போகாம, உக்காந்து சரி பண்ணான் பாரு."

வைரக்கண்ணு தன் டீயை அவனிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தான். கேவலம் அதுதான். முழுசாகக் குடித்தான்.

அறைக்குத் திரும்பியபோது இறுகிய விளக்கு அவன் மேசைக்கு வந்திருந்தது. பக்கத்தில் எஸ்தர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"எல்லாம் சேந்துருச்சுக்கா," என்றான்.

"ம்."

"கோமளாவுக்கு நைட்டு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுடறேன்."

"அவளுக்குத்தான் யாரு குறிக்கச் சொன்னதுன்னு தெரியுமே."

அவன் இறுகிய விளக்கைத் தொட்டான்.

"இத என்னக்கா பண்றது?"

"ஷெட்ல எல்லாரும் இன்னும் இருக்காங்க. முதலாளியும் இருக்காரு. கதவும் தொறந்துதான் இருக்கு," என்றாள் எஸ்தர்.

பிரகதீசன் மேசையில் கிடந்த துணியை எடுத்து விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான்.