துண்டுக்குள் மூன்று விரல்

"எவனோ ஒருத்தன் ஆறு வருஷமா என் வயித்தை ஏமாத்திட்டு இருக்கானுங்க சாமி. அவனை விடறதா இல்லை."

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் மடத்துக்குள் நுழைந்ததும் நாச்சிமுத்து பேசிய முதல் பேச்சு அது. கும்பிடுகூட அப்புறம்தான் வந்தது. அவருக்கு வயது அறுபத்தொன்று. நாற்பது வருஷமாக மாட்டுத் தரகு. குரு தவசியப்பர் அவரைவிட இருபது வயது இளையவர்.

"யாருங்கண்ணா அவன்?"

"அதுதான் பிடிபடலை. மாத்திரை எழுதின டாக்டரா இருக்கலாம். விக்கிற கடைக்காரனா இருக்கலாம். செஞ்சு அனுப்பறவனா இருக்கலாம். மூணு பேரும் கூட்டுன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

இடுப்பில் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டின் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துத் தரையில் போட்டார்.

"காலையில வெறும் வயித்துல ஒண்ணு. போட்டா நெஞ்செரிச்சல் அடங்குது. ரெண்டு நாள் விட்டா முன்னைவிட மோசமா எரியுது. எரிச்சலைத் தீர்க்கற மருந்தா இது, வளர்க்கற மருந்தா? ஆளைச் சாகிற வரைக்கும் கட்டிப்போடற வித்தை. என்கிட்டயேவா?"

குரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னையோட வீசிடறேன். நீங்க ஒரு பொடி கொடுங்க."

"கொடுத்தா அதையும் ஆறு வருஷம் சாப்பிடுவீங்க."

ஒரு வாழைப்பழத்தை நீட்டினார் குரு. நாச்சிமுத்து காம்பை மோந்து பார்த்தார்.

"கல்லு வெச்சுப் பழுத்ததுங்களா?"

"மடத்து மரம்."

"மரம் உங்களுது. பழுக்க வெச்சது ஆரு?"

குரு சிரித்தார். நாச்சிமுத்து பழத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். பாதியை ஓரமாக வைத்துவிட்டார்.

குருவின் கண் பெல்ட்டுக்குப் போனது. பழைய ஓட்டைகளைத் தாண்டிக் கோணலாக இரண்டு புது ஓட்டைகள். ஆணி வைத்துக் குத்தியவை. அப்படியும் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது.

"அண்ணா, அந்தத் துண்டைக் கொடுங்க."

"எதுக்குங்க?"

"கொடுங்க."

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர்கள் துண்டுக்கு அடியில் கை கோத்து, எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் தொகை. சம்மதம் என்றால் ஓர் இறுக்கு. வாய் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். துண்டுக்குள் விரல் பொய் சொன்னால் அந்த ஆள் மறுவாரம் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. இதைக் குருவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாச்சிமுத்துதான்.

துண்டுக்கு அடியில் குருவின் கை காத்திருந்தது.

"டாக்டர் எத்தனை வாரம் சாப்பிடச் சொன்னார்?"

நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் கை குருவின் நான்கு விரலைப் பிடித்தது.

"அதுக்கப்புறம் எத்தனை தடவை அவரைப் போய்ப் பார்த்தீங்க?"

கை அசையவில்லை.

"போனா வாய் வழியாக் குழாய் விட்டுப் பார்க்கணும்பாங்க," என்றார் நாச்சிமுத்து, சத்தமாக. "அத்தனையும் பில்லு ஏத்தற வேலை. பழைய சீட்டைக் காட்டினாக் கடையிலயே கொடுக்கறான்."

"பல்லைப் பிடிச்சுப் பார்க்காம நீங்க மாடு வாங்குவீங்களா?"

"மாடு வேறங்க."

"சரி. முழுங்கும்போது தொண்டைக்குக் கீழே அடைக்குதே, அது எத்தனை நாளா?"

நாச்சிமுத்து கையை இழுத்தார். குரு விடவில்லை. அடைக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மனைவி பாவாயி கேட்டபோதெல்லாம் பசியில்லை என்றே சொல்லிவந்தார்.

"பாதிப் பேரத்துல கையை உருவற வழக்கம் உங்க சந்தையில உண்டுங்களா?"

நாச்சிமுத்து மூன்று விரலைப் பிடித்தார்.

"நாளா?"

பிடி இறுகவில்லை.

"வாரமா?"

இல்லை.

"மாசமா?"

பிடி இறுகியது.

குரு துண்டை எடுத்து உதறி அவர் தோளில் போட்டார். மாத்திரை அட்டையைப் பொறுக்கிப் பெல்ட் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"வீசறதா, போடறதான்னு டாக்டர் சொல்லட்டும்."

"அப்போ... அந்த எவனோ ஒருத்தன்?"

"இத்தனை நேரம் அவன் கையைத்தான் பிடிச்சிருந்தேன். விடாதீங்க அண்ணா. பத்தரை மணி பஸ்ஸுக்கே கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி நிறுத்துங்க. அந்த மூணு விரலை அவர்கிட்டயும் காட்டட்டும். கெடுத்து வெச்சதை இன்னைக்காவது அவனே சரிபண்ணட்டும்."