கை நிக்காத வெள்ளத்தாயி

ஒரு ஊர்ல ஒரு கம்மாய். அந்தத் தண்ணிக்குள்ள ஒரு பச்சைப் பொட்டு. கண்ணுக்கே தெரியாது, அம்புட்டு சின்னது. ஆனா உசுருள்ளது, வெயில வச்சே பொழைக்கிறது. டேய், காலை ஆட்டாம கேளு. ம் சொல்லு.

அந்தப் பொட்டுதான் வெள்ளத்தாயின்னு ஒருத்திக்கும் அவ கூட்டாளிகளுக்கும் வீடு. உள்ள பூட்டன் காலத்து மணிமாலை ஒண்ணு கெடந்துச்சு. அதப் பாத்துப் பாத்து அதே வரிசையில சரம் கோக்கிறது அவ வேலை. அந்தச் சரத்தப் பாத்துத்தான் மத்தவங்க வீட்டுக்கு வேண்டியதெல்லாம் செய்வாங்க. ஒவ்வொரு மணிக்கும் ஒரு பிடி சோறு செலவாகும். வெயில்ல சோறாக்குறவ சீனியம்மா.

அப்புறம் அடைமழை பிடிச்சுக்கிச்சு. சோ... சோன்னு! வெயிலே இல்ல. பானை காலியாகுது. வீடு வளர்றதும் நின்னு போச்சு, சரமும் யாருக்கும் வேணாம். வெள்ளத்தாயி கை மட்டும் நிக்கல. சரக் சரக், சரக் சரக்!

"நிறுத்துடி! சோறு தீந்தா எல்லாரும் செத்துருவோம்"னா சீனியம்மா.

"சும்மா இருந்தா என்னை யாருக்கா வச்சுக்குவா? பயமா இருக்குக்கா"ன்னு இன்னும் வேகமாக் கோத்தா. கூறுகெட்ட கழுதை!

அப்போ சீனியம்மா, அவ கோக்குற மணி இருந்த பெட்டிய ஒளிச்சு வச்சா. இவ உருட்டிப் பெரட்டித் தேடி எடுத்துட்டா. மறுபடி சரக் சரக்!

ம்? இன்னும் முழிச்சுத்தான் இருக்கியா? சரி.

மூணாவதா சீனியம்மா ஒரு குட்டிச் சரத்தப் பின்னி அவ கையில திணிச்சா. பாக்க அந்தப் பெரிய மாலையோட தொடக்கம் மாதிரியே இருந்துச்சு. வெள்ளத்தாயி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. மேல கோக்க பானையில ஒரு பிடி சோறு தேறாது, விடவும் மனசில்ல. கையெல்லாம் குறுகுறுங்குது. "இப்படிக் கட்டிப் போட்டுட்டியேக்கா"ன்னு ஓன்னு அழுதா. மழை விடவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் பளிச்சுனு வெயில்! சீனியம்மா ஆக்குன மொதப் பிடி புதுச் சோத்துல அவ கை அந்தக் குட்டிச் சரத்தையே பாத்து கொஞ்சம் மணி கோத்துச்சு. பொசுக்குனு அந்தக் குட்டிச் சரம் கையை விட்டு நழுவிருச்சு. எந்திரிச்சு பெரிய மாலைக்கு ஓடப் பாத்தா.

"நில்லுடி"ன்னு சீனியம்மா மழைக்கு முந்தி ஆக்குன பழைய பானையோட அடிய வழிச்சா. ஒரே ஒரு வாய் சோறு. அத அவ வாய்க்கிட்ட கொண்டுபோனா.

"நான் சும்மாத்தானேக்கா இருந்தேன். எனக்கு எதுக்கு?"

"நீ சும்மா இருந்ததாலதான்டி இந்த ஒரு வாயாச்சும் மிஞ்சுச்சு. தொற வாயை."

அம்புட்டுத்தான் கதை. கண்ண மூடு, தூங்கு.