தொண்ணூறு என்றால் எந்தத் தொண்ணூறு?

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் ஞானதிரவியத்திடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, கதைதான் வரும். அன்றைக்குத் தன் கடையில் வைத்துக் கேட்டவர், பேனர் அடிக்கும் பிளெக்ஸ் பிரிண்ட் கடை கொம்பையா.

"அண்ணாச்சி, வாலு நீளம் தொண்ணூறுன்னு கெடக்கு. இஞ்சா, சென்டிமீட்டரா? கம்ப்யூட்டரு கேக்கு."

வால் என்றது கல்யாணக் கவுனின் வால். மணப்பெண் நடக்கும்போது பின்னால் தரையில் இழுபட்டு வருமே, அது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டரில் உடுப்புப் படம் வரைகிற, ஞானதிரவியத்தின் தங்கச்சி மகள் ரோஸ்லின் அந்த ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். அதை முழு அளவில் காகிதத்தில் அடித்து, துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். துணியோ, மணப்பெண்ணின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சாட்டின். கூட ஒரு சாண் வேண்டுமென்றாலும் இங்கே கிடைக்காது. சென்டிமீட்டர் என்று வெட்டி, அது இஞ்சாக இருந்துவிட்டால் வால் மொட்டையாகிவிடும். இஞ்ச் என்று வெட்டி, அது சென்டிமீட்டராக இருந்துவிட்டால் கவுனின் உடம்புக்குத் துணி பத்தாது. கல்யாணம் வியாழக்கிழமை.

ஞானதிரவியத்துக்கு எது என்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"யாருகிட்டவே அளவைப் பத்திக் கேக்கீரு?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பத்து வருசத்துக்கு முன்னால இப்படித்தான் ஒரு ஜாக்கெட்டுக்குப் படம் வந்துச்சு. கை நீளம் பதினொண்ணு. இஞ்ச்னு எழுதல. பிளெக்ஸ்காரன் அடிக்கணக்குலயே பழகுன ஆளு, பதினோரு அடின்னு அடிச்சுக் குடுத்துட்டான்."

விளையாட்டு விழா பேனருக்காகக் காத்திருந்த பகவதி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "பாத்தாலே தெரியாதா?"

"தெரிஞ்சுது டீச்சர். ஆனா எடுத்த வேலையைத் திருப்பிக் குடுத்துப் பழக்கம் இல்லயே. தச்சேன். ஊசிக்குக் கடப்பாரை, நூலுக்குக் கெணத்துக் கயிறு. ஹூக்குக்குத் தூத்துக்குடில இருந்து ஏழு நங்கூரம் வந்துச்சு."

"ஜாக்கெட்டுக்கார அம்மா போட்டாவளா?" என்றார் கொம்பையா.

"வீட்ல காதுகுத்து வச்சிருந்தாவ. பந்தலே போடல. எடது கைக்குள்ள பந்தி, வலது கைக்குள்ள சமையலு. நல்ல மழை. ஒரு இலையிலயும் ஒரு சொட்டு விழல."

கொம்பையா கொட்டாவி விட்டார். "சரி அண்ணாச்சி, இந்தத் தொண்ணூறு..."

"அவசரப்படாதீரும். அதுக்கடுத்து ஒரு பேன்ட்டு வந்துச்சு. இஞ்சை மில்லிமீட்டர்னு அடிச்சுட்டான். கண்ணு இமைமயிரை ஊசியாக்கித் தச்சேன். போட்டுப் பாக்க ஆள் வேணுமே? ஒரு கட்டெறும்பைப் பிடிச்சேன். நீளம் கச்சிதம். இடுப்புலதான் நிக்கல. பெல்ட்டு கேட்டுச்சு."

"எறும்பு கேட்டுச்சா?"

"வாயைத் தொறந்தா கேக்கும்? இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடந்துச்சு. நான் புரிஞ்சுக்கிட்டேன்."

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஞானதிரவியத்துக்கு ஊக்கம் கூடிவிட்டது.

"இதெல்லாம் சின்ன விசயம். ஒரு சட்டைக்குப் பக்கத் தையல் அறுபதுன்னு வந்துச்சு. அறுபது கிலோமீட்டர்னு எடுத்துக்கிட்டானுவ. மெசின்ல வைக்க முடியுமா? ஊசியைத் திருச்செந்தூர் போற ரயிலுக்குப் பின்னால கட்டிவிட்டேன். திருநெல்வேலில இருந்து கடல் வரைக்கும் ஒரே தையலு!"

"ரெட்டைத் தையல் போடணும்லா?" என்றார் கொம்பையா.

"அது திரும்பி வார ரயில்ல போட்டாச்சு."

"அந்தச் சட்டையைப் போட்டது யாரு?"

"போடல. காயப்போட்டோம். பொதிகை மலைமேல. மேகம் பூரா பாக்கெட்டுக்குள்ள போய் அடைஞ்சுக்கிச்சு. ஆத்துல தண்ணி இல்ல. கலெக்டரே வந்து, 'அண்ணாச்சி, அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் கவுத்துங்க'ன்னாரு. கவுத்துனேன். மூணு நாள் மழை."

கொம்பையா மவுஸைத் தட்டினார். "இம்புட்டு அளவு பாத்தவரு, இது எதுன்னு சொல்லிருங்க. அமுக்கிருதேன்."

ஞானதிரவியம் அடுத்த கதைக்கு வாயைத் திறந்தார். மாதா கோவில் நடையில் அந்தப் பெண் மொட்டை வாலோடு நடந்துபோவது கண்முன் வந்தது.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு போனைப் போடுங்களேன்" என்றார் டீச்சர் மெதுவாக.

'எனக்கே அளவு சொல்லுதியா?' என்று முந்தாநாள்தான் ரோஸ்லினை அதட்டியிருந்தார் ஞானதிரவியம். இப்போது கேட்டால் சிரிப்பாள். சிரிக்கட்டும். கதையில் எத்தனை துணியை வேண்டுமானாலும் வெட்டலாம், இது அடுத்த வீட்டுப் பெண்ணின் துணி. போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"ஏட்டி ரோஸு, அந்த வாலு தொண்ணூறு... என்ன தொண்ணூறு?"

"இஞ்ச் மாமா! வாட்ஸாப்ல ஃபைலுக்குக் கீழயே எழுதியிருக்கேன், மூணு தடவை. பாக்கலையா?"

கடை முழுவதும் கேட்டது. டீச்சர் பேனரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். ஞானதிரவியம் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டு, மீசையைத் தடவினார்.

"எனக்குத் தெரியும்வே. பிள்ளைக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்."

கொம்பையா இஞ்சை அமுக்கினார். மிஷின் ஓடத் தொடங்கியது.

"போனைக் குடுங்க அண்ணாச்சி, கண்ணுக்குத் தெரியுத மாதிரி எழுத்தைப் பெருசாக்கித் தாரேன். ஒரு எழுத்து எம்புட்டு வேணும், இஞ்ச்லயா, அடியிலயா?"